நட்டத்துக்குத் தள்ளுபடி: ஆஸ்திரேலியாவின் நெகட்டிவ் கியரிங் பொதி, ஒரு விமர்சனம்

ஆஸ்திரேலியாவில் வீட்டு முதலீடு பற்றிய இலவசக் கருத்தரங்கு எதற்குப் போனாலும் மேடையில் விற்கப்படும் சரக்கு ஒன்றுதான். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குங்கள், கையைக் கடிக்கும் நட்டத்தை வரித்துறை திருப்பித் தரும், விற்கும்போது லாபத்தில் பாதிக்கு வரியே கிடையாது. இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தச் சரக்கைத்தான். எந்தத் தனி நிறுவனமும் இதற்குச் சொந்தக்காரர் அல்ல. வருமான வரிச் சட்டத்தின் மூன்று சலுகைகளை ஒரே பைக்குள் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான். கூடவே ஒரு உத்தரவாதமும் ஒட்டப்பட்டிருக்கிறது: இந்தச் சலுகை இருப்பதால்தான் வாடகை இந்த அளவிலாவது நிற்கிறது, எடுத்துவிட்டால் குடியிருப்பவர்களுக்குத்தான் அடி என்று.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். 30% வரி அடுக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஐந்தில் இரண்டரை. 45% அடுக்கில் இருப்பவருக்கு மூன்றரை. வாடகையைத் தணிக்கிறது என்ற உத்தரவாதத்துக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் தாராளமாகப் போட்டால். கீழே உள்ள விகிதங்கள் 2024-25 வரி ஆண்டுக்கு உரியவை.

பைக்குள் என்ன இருக்கிறது

முதல் சலுகை, பெயருக்கேற்ற நெகட்டிவ் கியரிங். கடன் வட்டி, கவுன்சில் ரேட்ஸ் (உள்ளாட்சி வரி), ஸ்ட்ராட்டா (அடுக்குமாடியின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்), ஏஜென்ட் கமிஷன், காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து வாடகையை மிஞ்சினால், மிஞ்சிய தொகையைச் சம்பள வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம். இதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. சென்னையிலோ கோவையிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்தியாவில் வீட்டு நட்டத்தை மற்ற வருமானத்தோடு ஈடுகட்டுவது ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயோடு நின்றுவிடும், புதிய வரித் திட்டத்தில் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மூன்று வீட்டு நட்டத்தையும் ஒரே சம்பளத்தில் கழிக்கலாம்.

இரண்டாவது, மூலதன ஆதாய வரியில் 50% தள்ளுபடி. 1985 செப்டம்பர் 20 அன்று இந்த வரி வந்தபோது பணவீக்கத்தைக் கழித்துவிட்டு மீதி லாபத்துக்கு முழு வரி போட்டார்கள். 1999 செப்டம்பரில் அந்த முறையை எடுத்துவிட்டு, 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் பாதியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று மாற்றினார்கள். சரக்கின் உண்மையான விசை இங்கேதான் இருக்கிறது. செலவு 100 சதவீதமும் இன்றே கழிகிறது. லாபத்தில் 50 சதவீதத்துக்குத்தான் வரி, அதுவும் விற்கும் வருடத்தில்தான். இந்தச் சாய்மானம் இல்லாவிட்டால் வேண்டுமென்றே நட்டத்தில் ஓடும் சொத்தை யாரும் தேடி வாங்க மாட்டார்கள்.

மூன்றாவது தேய்மானம். கட்டடத்தின் மூல கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 2.5% வீதம் 40 ஆண்டுகள் கழிக்கலாம். நீங்கள் கொடுத்த விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுப்பு, ஏசி, தரைவிரிப்பு போன்ற பொருட்களுக்குத் தனிக் கணக்கு. ஆனால் 2017 மே 9 மாலை 7.30க்குப் பிறகு வாங்கிய பழைய வீட்டில், முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற பொருட்களுக்குத் தேய்மானம் கிடையாது. புத்தம்புது வீட்டுக்கும், நீங்களே புதிதாக வாங்கிப் பொருத்தியவற்றுக்கும் மட்டும்தான். 1985 ஜூலைக்கு முன் கட்டிய செங்கல் வீட்டுக்கு, பிற்காலத்தில் பெரிய புதுப்பிப்பு எதுவும் நடந்திருக்காவிட்டால், குவான்டிட்டி சர்வேயரிடம் (கட்டுமானச் செலவை மதிப்பிடுபவர்) டிப்ரிசியேஷன் ரிப்போர்ட் எடுப்பது வீண் செலவு. இதை விற்பனை மேடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால்

மாதிரிக்கு ஒரு வீடு. விலை 750,000 டாலர், கடன் 600,000, வட்டி மட்டும் கட்டும் கடன் 6.2 சதவீதத்தில். ஆண்டு வட்டி 37,200. வாடகை வாரம் 600, இரண்டு வாரம் காலி என்று வைத்து 50 வாரத்துக்கு 30,000. ஏஜென்ட் 1,950, கவுன்சிலும் தண்ணீரும் 2,750, ஸ்ட்ராட்டா 3,600, காப்புறுதி 500, பழுதுபார்ப்பு 1,000 என்று மற்றச் செலவு 9,800. கையிலிருந்து போகும் நட்டம் 17,000. கட்டுமானச் செலவு 160,000 என்றால் தேய்மானம் 4,000. ஆக வரிக் கணக்கில் காட்டும் நட்டம் 21,000.

சம்பளம் 120,000 என்றால் மேல் அடுக்கு 30%, மெடிகேர் (பொது மருத்துவத் திட்டத்துக்கான வரி) 2%, ஆக 32%. ரீஃபண்ட் 6,720. மீதி 10,280 டாலர், அதாவது வாரம் ஏறத்தாழ 198 டாலர், உங்கள் பையிலிருந்துதான் போகிறது. சம்பளம் 230,000 என்றால் அதே வீடு, அதே குடித்தனம், அதே நட்டம். ரீஃபண்ட் மட்டும் 9,870. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதே சரக்கு ஆண்டுக்கு 3,150 டாலர் மலிவு. ஏலத்தில் யாருடைய கை கடைசிவரை உயர்ந்து நிற்கிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

இப்போது விற்பனை. ஏழு ஆண்டு கழித்து 950,000 டாலருக்குப் போகிறது என்று வைப்போம். ஆண்டுக்குச் சுமார் 3.4% ஏற்றம். வாங்கியபோது ஸ்டாம்ப் டியூட்டி, வக்கீல் கட்டணம் 30,000. விற்கும் செலவு 20,000. பலரும் மறந்துபோகும் இடம் அடுத்தது: ஏழு ஆண்டு கழித்த கட்டடத் தேய்மானம் 28,000 டாலரை வாங்கிய அடக்கத்திலிருந்து குறைக்க வேண்டும். ஆக லாபம் 178,000, அதில் பாதி 89,000 டாலருக்கு வரி. 120,000 சம்பளத்தின் மேல் அது ஏறி உட்காரும்போது முதல் 15,000 மட்டும் 30% அடுக்கில் நிற்கும், ஒரு பகுதி 37% அடுக்கிலும் மீதி 45% அடுக்கிலும் விழுந்துவிடும். மெடிகேரோடு சேர்த்து வரி 35,180.

கடனை அடைத்து, வரியும் கட்டியபின் கையில் 294,820. உள்ளே போட்டது: முன்பணம் 150,000, வாங்கும் செலவு 30,000, ஏழு ஆண்டுப் பற்றாக்குறை 71,960, மொத்தம் 251,960. ஏழு ஆண்டு உழைப்புக்கு மிச்சம் 42,860 டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.7% வருமானம். அதே பணத்தைக் குடியிருக்கும் வீட்டுக் கடனின் ஆஃப்செட் கணக்கில் (இதில் கிடக்கும் தொகை அளவுக்குக் கடனுக்கு வட்டி போடமாட்டார்கள்) போட்டு வைத்திருந்தால் கடன் வட்டி விகிதம் எதுவோ அதுவே வருமானம், வரியும் இல்லை, நள்ளிரவில் ஹாட் வாட்டர் சிஸ்டம் உடைந்துவிட்டது என்று போனும் வராது. விலை 895,000 வரை ஏறினால்தான் போட்ட பணமே முழுசாகத் திரும்பும். ஆண்டுக்குச் சுமார் 2.6% ஏற்றம் வெறுமனே சமன் செய்வதற்கே போய்விடுகிறது.

தேய்மானத்தை இலவசப் பணம் என்று விற்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஏழு ஆண்டில் அந்த 28,000 டாலருக்குக் கிடைத்த வரிச் சேமிப்பு 8,960. விற்கும் வருடம் அதே 28,000 லாபத்தோடு சேர்ந்து, அதில் பாதிக்கு 47 சதவீதத்தில் 6,580 திரும்பிப் போகிறது. இடையில் கையிலிருந்த பணத்தின் காலப்பயன் உண்மைதான். மற்றபடி இது கடன் வாங்கிய சலுகை. புது அடுக்குமாடி வீட்டில் தேய்மானம் மிக அதிகம் என்பதால் அதையே தள்ளிவிடப் பார்ப்பார்கள். நிலத்தின் பங்கு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான், நீண்ட காலத்தில் விலை ஏறுவதோ நிலத்தில். கட்டடம் பழசாகிக்கொண்டேதான் போகும்.

கோளாறு எங்கே வருகிறது

வாடகை வீட்டுக்காரர்களில் பத்தில் ஒன்பது பேர் கணக்கைத் தப்பாகத் தாக்கல் செய்கிறார்கள் என்று வரித்துறையான ஏடிஓ தன் மாதிரிச் சோதனைகளை வைத்துச் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் அது ஏமாற்று வேலை அல்ல, சரக்கின் கையேட்டைப் படிக்காமல் ஓட்டுவது.

மிகப் பெரிய கோளாறு கடனின் நோக்கத்தில். எந்த வீட்டை அடமானம் வைத்தீர்கள் என்பதை ஏடிஓ பார்ப்பதில்லை, கடன் பணம் எதற்குப் போனது என்பதைத்தான் பார்க்கும். குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதன் மேல் கூடுதலாகக் கடன் எடுத்துப் புதிய வீட்டில் குடியேறினால், அந்தக் கூடுதல் கடன் வட்டியைக் கழிக்கவே முடியாது. இதைத் தவிர்க்கும் வழி வருடக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டியது. பின்னாளில் வாடகைக்குப் போகக்கூடும் என்று நினைக்கும் வீட்டின் கடனில் உபரிப் பணத்தை நேரடியாகக் கட்டாமல் ஆஃப்செட்டில் வையுங்கள். ஆஃப்செட்டிலிருந்து எடுப்பது உங்கள் சேமிப்பை எடுப்பது. ரீட்ராவில், அதாவது கடனில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுப்பதோ, புதுக் கடன். அதில் கார் வாங்கினால் அந்தப் பங்கின் வட்டி தனிச் செலவாகிவிடும், அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் வட்டியைப் பிரித்துக் கணக்கு வைக்க வேண்டும்.

பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் உள்ள கோடு அடுத்தது. வாங்கும்போதே இருந்த உடைசலைச் சரிசெய்தால் அது மூலதனச் செலவு, முதல் மாதமே செய்திருந்தாலும் உடனடியாகக் கழிக்க முடியாது. குடித்தனக்காரர் காலத்தில் உடைந்த வேலியின் இரண்டு பலகையை மாற்றினால் பழுதுபார்ப்பு. வேலி முழுவதையும் புதிதாகப் போட்டால் மூலதனம். கடன் எடுக்கும் செலவு 100 டாலருக்கு மேல் என்றால் ஐந்து ஆண்டில் பிரித்துக் கழிக்க வேண்டும், கடன் காலம் அதைவிடக் குறைவென்றால் அந்தக் காலத்தில். வீட்டைப் பார்வையிடப் போகும் பயணச் செலவு 2017 ஜூலை 1 முதல் ஒழிந்தது. வெறும் மனையாக இருக்கும் காலத்து வட்டியும் 2019 ஜூலை 1 முதல் கழியாது, மனையும் வீடும் சேர்த்து வாங்குபவர்கள் கட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வட்டி விற்கும்போது அடக்கத்தில் சேரும்.

கணவன் மனைவி பெயரில் பத்திரம் இருந்தால் நட்டம் பத்திரத்தில் உள்ள பங்குப்படிதான் பிரியும். அதிகம் சம்பாதிப்பவர் பெயரில் முழுவதையும் தள்ள முடியாது.

நட்டத்தைக் காட்டினால் வருமானம் குறைந்துவிடும், சைல்ட்கேர் உதவித்தொகை கூடும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. நடக்காது. சைல்ட்கேர், குடும்ப உதவி, ஹெல்ப் கல்விக் கடன் தவணை, மெடிகேர் சர்சார்ஜ் எல்லாவற்றுக்கும் வாடகை நட்டத்தைத் திரும்பக் கூட்டித்தான் வருமானம் பார்ப்பார்கள். ரீஃபண்டை ஒவ்வொரு சம்பளத்திலும் முன்கூட்டியே வாங்க ஏடிஓவிடம் பிடித்தக் குறைப்பு விண்ணப்பம் போடலாம், பணப்புழக்கத்துக்கு நல்ல வசதி. ஆனால் நட்டத்தைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டால் ஆண்டு முடிவில் பில் வரும்.

விற்பவர்களுக்கு: 2025 ஜனவரி 1 முதல் எந்த விலை வீடானாலும், விற்பவர் வரிக் கணக்கில் வெளிநாட்டவர் அல்ல என்று சொல்லும் ஏடிஓ கிளியரன்ஸ் சான்றிதழைக் காட்டாவிட்டால் விலையில் 15% பிடித்துவைக்கப்படும். ஆஸ்திரேலியக் குடியுரிமை இருந்தாலும் இதே விதி. ஏஜென்டிடம் விற்பனைக்குக் கொடுக்கும் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

வாடகைக்கு இது என்ன செய்கிறது

உத்தரவாதத்தின் அடிப்படை வாதம் எளிமையானது. சலுகை வீட்டுக்காரரின் செலவைக் குறைக்கிறது, அதனால் குறைந்த வாடகைக்கு விடுகிறார், எடுத்தால் அந்தச் செலவை வாடகையில் ஏற்றிவிடுவார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வாடகை அப்படித் தீர்மானமாவதில்லை. ஒரே தெருவில் கடனே இல்லாத வீடும் 80% கடனில் உள்ள வீடும் ஒரே வாடகைக்குத்தான் போகின்றன. கடன் இல்லாதவர் வாரம் 200 டாலர் குறைத்து விடுவதில்லை. ஏஜென்ட் அதே பகுதியில் போன மாதம் என்ன வாடகைக்குப் போனது என்று பார்க்கிறார், எத்தனை பேர் வீடு பார்க்க வந்தார்கள் என்று எண்ணுகிறார். வீட்டுக்காரரின் வட்டி விகிதத்தை யாரும் கேட்பதில்லை. வாடகையைக் கூட்ட முடிகிற இடத்தில் செலவு ஏறாவிட்டாலும் கூட்டுவார்கள்.

இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது 1985. அந்த ஆண்டு ஜூலையில் ஹாக்-கீட்டிங் அரசு (பிரதமர் பாப் ஹாக், நிதியமைச்சர் பால் கீட்டிங்) புதிதாக வாங்கும் வாடகை வீடுகளின் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாதபடி தடுத்தது. பிற்கால வாடகை வருமானத்தில் மட்டும் கழிக்கலாம் என்றது. 1987இல் திரும்பப் பெற்றது. இடையில் வாடகை எகிறியது, அதனால்தான் பின்வாங்கினார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. எகிறியது சிட்னியிலும் பெர்த்திலும். அந்த இரண்டு நகரங்களிலும் ஏற்கெனவே காலி வீடுகள் மிகக் குறைவு. வரிச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான். மற்றத் தலைநகரங்களில் அப்படி எகிறவில்லை. வட்டி உயர்வும் புதிய மூலதன ஆதாய வரியும் அதே காலத்தில் வந்தவை. இரண்டு நகரத்தைக் காட்டி ஒரு நாட்டின் கதையைச் சொல்வது சரக்கு விற்பவருக்கு வசதி, அவ்வளவுதான்.

அண்மைய சான்று இன்னும் வலுவானது. 2022 முதல் 2024 வரை ஆஸ்திரேலிய வாடகை கடுமையாக ஏறியது. அந்தக் காலம் முழுக்க நெகட்டிவ் கியரிங்கும் இருந்தது, 50% தள்ளுபடியும் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வீட்டில் வசிக்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை குறைந்தது, 2022இல் எல்லை திறந்ததும் ஆட்கள் வந்தார்கள், கட்டுமானச் செலவு ஏறிக் கட்டுநர்கள் நொடித்தார்கள். பல தலைநகரங்களில் காலி வீட்டு விகிதம் 1% பக்கம் விழுந்தது. 3% அளவைத்தான் பொதுவாகச் சமநிலை என்பார்கள். சலுகை அத்தனையும் முழு அளவில் இருந்தபோதே வாடகை அப்படி ஏறியது என்றால், அது அணையாக நின்றது என்று எப்படிச் சொல்வது?

சரி, சலுகை போய் முதலீட்டாளர்கள் விற்றால் வாடகை வீடு குறையாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. குறையும். ஆனால் விற்ற வீடு காற்றில் கரைந்துபோவதில்லை. இன்னொரு முதலீட்டாளர் வாங்கினால் ஒன்றும் மாறவில்லை. இதுவரை வாடகைக்கு இருந்தவர் வாங்கினால் வாடகை வீடு ஒன்று குறைகிறது, வாடகைக்கு அலையும் குடும்பமும் ஒன்று குறைகிறது. முழுச் சமன் என்று சொல்ல மாட்டேன். பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் பங்கு வீடுகளில் நான்கைந்து பேர் நெருக்கி இருப்பதுண்டு, அதே வீட்டை வாங்கும் இளம் தம்பதி இரண்டே பேர். அந்த இடைவெளி அளவுக்கு வாடகைச் சந்தையில் சிறு அழுத்தம் வரும். புதுக் கட்டுமானத்துக்கு வரும் முதலீட்டுப் பணம் குறைந்தாலும் நாளடைவில் வலிக்கும். உத்தரவாதத்தில் பொறுப்பாக விவாதிக்கத் தகுந்த பகுதி இது ஒன்றுதான். ஆனால் முதலீட்டுக் கடனில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கே போகிறது என்பதால் அந்த வாதமும் பாதி காற்றுப் போனதுதான்.

விக்டோரியா 2024 ஜனவரி 1 முதல் நிலவரி தொடங்கும் நிலமதிப்பு வரம்பை 300,000 டாலரிலிருந்து 50,000க்கு இறக்கியது. முதலீட்டாளர் சிலர் விற்றுவிட்டுப் போனார்கள், மெல்பர்னில் வீட்டு விலை மற்ற நகரங்களைப்போல ஓடவில்லை. வாடகையும் பெர்த் அளவுக்கு ஓடவில்லை. ஒரு மாநிலத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்றாலும், வீட்டுக்காரர் மீது வரி ஏறினால் அடுத்த மாதமே வாடகை பறக்கும் என்ற பயமுறுத்தலுக்கு இது ஒத்துழைக்கவில்லை.

இந்தச் சரக்கின் பக்கவிளைவு வாடகைத் தொகையில் அதிகம் தெரிவதில்லை, குடியிருப்பின் ஆயுளில் தெரிகிறது என்பது என் கணிப்பு. லாபம் விற்பதில்தான் இருக்கிறது என்று வடிவமைக்கப்பட்ட சொத்து, எப்போதாவது விற்கப்பட்டே தீரும். வாடகை வீட்டுக்காரர்களில் ஏறத்தாழ 70% பேரிடம் இருப்பது ஒரே ஒரு வீடு. அந்த ஒருவருக்கு விவாகரத்து நடந்தாலோ வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ குடித்தனக்காரர் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2025 மே 19 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது. வீட்டை விற்பது ஒரு செல்லுபடியாகும் காரணம் என்பதால் இந்த ஓட்டை மட்டும் அடைபடவில்லை.

விலைக்கும், முதல் வீடு வாங்குபவருக்கும்

வாடகைக்கு விளைவு சிறிது என்றால் விலைக்குப் பெரிதாக இருக்கும் என்று எதிர்ப்பாளர்கள் நம்புகிறார்கள். அதுவும் மிகைதான். நெகட்டிவ் கியரிங்கை இறுக்கி, ஆதாயத் தள்ளுபடியை 25% ஆக்கினால் வீட்டு விலை சுமார் 2% குறையும் என்று கிராட்டன் இன்ஸ்டிட்யூட் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. 750,000 டாலர் வீட்டில் அது 15,000. வரவேற்கத்தக்கதுதான், ஆனால் அதை வைத்து ஒரு தலைமுறைக்கு வீடு கிடைத்துவிடாது.

மாறுவது, யார் வாங்குகிறார்கள் என்பது. இரண்டு அறை யூனிட் ஒன்றின் ஏலத்தில் முதல் வீடு வாங்கும் தம்பதியும் ஒரு முதலீட்டாளரும் நிற்கிறார்கள். தம்பதியின் வட்டியில் ஒரு சென்ட் கூடக் கழியாது. முதலீட்டாளருக்கு 47% வரை கழிகிறது, முன்பணத்துக்கு அவர் தன் சொந்த வீட்டின் மதிப்பையே காட்டலாம். தம்பதிக்கு விற்கும்போது முழு வரிவிலக்கு உண்டு, அது இதைவிடப் பெரிய சலுகை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சலுகை வீடு கிடைத்தவருக்கு, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. ஏலத்தன்று உதவுவது மாதத் தவணையைத் தாங்கும் சக்தி. 1971இல் 30 முதல் 34 வயதுக்காரர்களில் 64% பேருக்குச் சொந்த வீடு இருந்தது, 2021இல் 50%. நிலத் திட்டமிடல், கடன் எளிமை, தாமதமாகும் திருமணம், நீளும் படிப்பு எல்லாம் இதில் உண்டு. வரிச் சலுகையை முதல் குற்றவாளி என்று நிறுத்த மாட்டேன், கூட்டாளி என்று நிறுத்துவேன்.

லேபர் கட்சி 2016, 2019 தேர்தல்களில் சொன்ன திட்டம், கழிவைப் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே வாங்கியவர்களைத் தொடாமல் விட்டு, தள்ளுபடியை 25 சதவீதமாகக் குறைப்பது. 2019இல் தோற்றபின், 2021இல் அதைக் கைவிட்டார்கள். சரக்கை வடிவமைக்கும் கோணத்தில் பார்த்தால் அந்தப் பதிப்பு மேலானது: அரசு விட்டுக்கொடுக்கும் வரிக்குப் பதிலாக ஒரு புது வீடாவது கிடைக்கும். கொஞ்சம் அந்த வழியில் போவது 2025 ஜனவரி 1 முதல் வந்த பில்ட்-டு-ரென்ட் (வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டும் கட்டடம்) சலுகை. குறைந்தது 50 வீடுள்ள புதுக் கட்டடம், 15 ஆண்டு வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்து விற்காமல் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு வாடகை ஒப்பந்தம் கொடுக்க முன்வர வேண்டும், பத்தில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு. பதிலுக்குக் கட்டடத் தேய்மானம் 4%. கையில் 150,000 டாலரோடு கருத்தரங்குக்கு வருபவருக்கான சரக்கு அல்ல அது. குடித்தனக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது மட்டும் இதன் தனிச்சிறப்பு.

நியூசிலாந்து ஒரே பத்தாண்டுக்குள் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தது. 2019 ஏப்ரல் முதல் வாடகை நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கத் தடை. 2021 அக்டோபர் முதல் பழைய வீட்டுக் கடன் வட்டியையே படிப்படியாகக் கழிக்க முடியாதபடி செய்தார்கள், புது வீட்டுக்கு விலக்கு. ஆட்சி மாறியதும் 2024 ஏப்ரலில் 80%, 2025 ஏப்ரலில் 100% என்று வட்டிக் கழிவு திரும்பி வந்தது, நட்டத் தடை மட்டும் அப்படியே நிற்கிறது. பிரிட்டன் 2017இல் தொடங்கி 2020 ஏப்ரலில் முழுமையாக, தனிநபர் வீட்டுக்காரர்களின் வட்டிக் கழிவை எடுத்துவிட்டு 20% வரித் தள்ளுபடியாகச் சுருக்கியது. இரண்டு நாட்டிலும் வாடகை வீடுகள் மறைந்து போகவில்லை.

யார் வாங்கலாம், யார் வேண்டாம்

45% அடுக்கில் நிலையான சம்பளம், சொந்த வீட்டுக் கடன் பெரும்பாலும் அடைந்தது, பத்து ஆண்டு வாரம் 200 டாலர் போனாலும் தூக்கம் கெடாது, நிலப் பங்கு அதிகமுள்ள வீடு: இந்த நான்கும் இருந்தால் சரக்கு வேலை செய்யும். ஒரே வருமானக் குடும்பம், சொந்த வீட்டில் பெரிய கடன், ரீஃபண்ட் வரும் என்ற ஒரே காரணம்: தள்ளிப் போங்கள். ஒரு டாலர் இழந்து 32 சென்ட் திரும்ப வாங்குவது சேமிப்பு ஆகாது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கவே தடை, சில விதிவிலக்குகள் நீங்கலாக. நாடு திரும்பி வரிக் கணக்கில் வெளிநாட்டவர் ஆகிவிட்டால் அந்தக் காலத்துக்கான 50% தள்ளுபடியும் கிடைக்காது.

குடித்தனக்காரருக்கு இந்தச் சரக்கில் பங்கில்லை, வட்டி ஏறிவிட்டது என்று காரணம் சொல்லி வரும் கடிதம்தான் மிச்சம். நியூ சவுத் வேல்ஸில் வாடகை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூடலாம், 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மிகை என்று தோன்றினால், அறிவிப்பு கையில் கிடைத்த 30 நாளுக்குள் என்கேட் (NCAT) என்ற மாநிலச் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பியுங்கள். மிகை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதே பகுதி, அதே அறை எண்ணிக்கை, அதே பார்க்கிங் வசதியுள்ள நான்கைந்து வீடுகளின் இப்போதைய விளம்பரங்களைத் தேதியோடு சேமியுங்கள். சரிசெய்யாத பழுதுகளின் படங்களையும், அவற்றைப் பற்றி ஏஜென்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் இணையுங்கள். வீட்டுக்காரரின் செலவையும் தீர்ப்பாயம் பார்க்கும், ஆனால் சட்டத்தின் பட்டியலில் முதலில் நிற்பது ஒத்த வீடுகளின் சந்தை வாடகை. ஏற்றம் மிகை என்று தீர்ந்தால், 12 மாதம் வரை இதற்கு மேல் வாங்கக்கூடாது என்று ஒரு தொகையைக் குறித்து உத்தரவு வரும்.